கம்பெனியில் விடாத வண்டி

இஞ்சிவிளை,
12 ஜூன் 2025

அன்புள்ள அத்தானுக்கு லேகா எழுதுவது.

கர்த்தருடைய கிருபையால் நானும் உங்கள் அம்மையும் சுகம். அம்மைக்குக் கால் வீக்கம் குறைந்திருக்கிறது. உங்கள் உடம்பு எப்படி? கை நடுக்கம் நின்றதா? சோறு இறங்குகிறதா? குடியை நிறுத்த வந்தவர்களுக்குப் போன் கிடையாது, கடிதமும் முதல் மாதம் கழிந்துதான் என்று உங்களை அங்கே சேர்த்த அன்றே சொல்லிவிட்டார்கள். அதனால்தான் இத்தனை நாள் எழுதவில்லை. பேனா பிடித்துத் தமிழ் எழுதி எவ்வளவோ காலமாயிற்று. பிழை இருந்தால் சிரிக்கவேண்டாம்.

ஒரு காரியம் சொல்லவேண்டும். வண்டி சூடாகிறது. காலையில் நானும் உதவிக்கு வரும் ஜிஜியும் பொதிச்சோறு கட்டி முடித்து, நான் நெய்யாற்றின்கரை கோர்ட்டுக்கு எடுத்துக்கொண்டு போகிறேன் அல்லவா? உதியன்குளங்கரை தாண்டினால் அந்தச் சூட்டு ஊசி மேலே ஏறத் தொடங்குகிறது. ஓரமாக நிறுத்தி, ஆறவிட்டு, மறுபடி போகிறேன். வக்கீல்மார் வாட்சைப் பார்த்துக்கொண்டு வராந்தாவில் நிற்கிறார்கள். இப்படியே போனால் வேறு ஆளிடம் வாங்கத் தொடங்கிவிடுவார்கள். பள்ளிக்கூட பஸ் வேலை உங்களுக்குப் போன பிறகு இந்தச் சோற்றுப் பொதி ஒன்றுதானே நமக்கு.

வேறு வழியில்லாமல் கம்பெனி சர்வீஸ் சென்டரில் கொண்டு காட்டினேன். உங்களுக்குக் கோபம் வரும் என்று தெரியும். ஏசி அறையில் உட்காரவைத்துக் காப்பி தந்தார்கள். பிறகு ஒருத்தர் வந்து ரேடியேட்டர், பம்ப், அது, இது எல்லாம் மாற்றவேண்டும் என்று சொல்லி இருபத்தெட்டாயிரம் என்றார். வண்டியை விற்றாலே அதற்குக் கொஞ்சம் மேலேதான் கிடைக்கும். காப்பியைக் குடித்துவிட்டு வந்துவிட்டேன். என்ன செய்யட்டும்?

உங்கள் லேகா

*

பீர்மேடு,
20 ஜூன் 2025

அன்புள்ள லேகாவுக்கு,

சுகம். நீயும் அம்மையும் சுகமாக இருக்க ஜெபிக்கிறேன். இங்கே மழை விட்டபாடில்லை. நடுக்கம் போய்விட்டது. தூக்கம்தான் வரவில்லை. காலையில் பிரார்த்தனை, பிறகு தோட்டவேலை, பிறகு எல்லாரும் வட்டமாக உட்கார்ந்து தன் தன் கதையைச் சொல்லவேண்டும். உட்கார்ந்தால் என் கால் ஆடிக்கொண்டே இருக்கிறது. பக்கத்தில் இருப்பவன் என் முட்டியைப் பிடித்து நிறுத்துகிறான்.

கடிதத்தைக் கவுன்சிலர் வாசித்துவிட்டுத்தான் தருவார். அது இங்கே சட்டம். அவர் பாலாக்காரர், தமிழ் வாசிக்கத் தெரியாது. உன் எழுத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "இதெந்தா ஷிபுவே, ஜிலேபியோ?" என்று கேட்டுத் தந்துவிட்டார். பாறசாலையில் தமிழ் மீடியம் படித்ததற்கு இப்போதுதான் பலன் கிடைத்தது. நீ எதை வேண்டுமானாலும் எழுது.

வண்டியைக் கம்பெனியில் கொண்டு காட்டினாயே, உனக்கு எப்படி மனசு வந்தது? வாங்கிய நாள்முதல் அது அந்தப் படி ஏறியதில்லை. கிளட்ச் மாற்றியது நான். பிரேக் பார்த்தது நான். மார்த்தாண்டத்தில் சாமான் வாங்கி, நம் முற்றத்தில் வைத்து, எத்தனை வேலை செய்திருக்கிறேன். இருபத்தெட்டாயிரமாம். இது தெர்மோஸ்டாட் ஆக்கும். உள்ளங்கையில் அடங்குகிற சாதனம். எஞ்சின் சூடானதும் அது திறந்து தண்ணீரை விடவேண்டும், திறக்கவில்லை, அவ்வளவுதான்.

நான் வந்தால் ஒரு ஞாயிறு மதி, ஒரே நாள் போதும். ஆனால் நாலு மாதம் ஆகும்வரை, சேர்த்தவர் கையெழுத்துப் போட்டால்தான் வெளியே விடுவார்கள். சேர்த்தது நீ. நீ வந்து ஒரு கையெழுத்துப் போடு. வந்து சரிபண்ணிவிட்டு மறுநாளே மலை ஏறிவிடுகிறேன். சத்தியம்.

அம்மையிடம் கேட்டதாகச் சொல்.

ஷிபு

*

இஞ்சிவிளை,
29 ஜூன் 2025

அன்புள்ள அத்தானுக்கு,

நாங்கள் சுகம். தூக்கம் வராவிட்டால் அங்கே நர்ஸிடம் சொல்லுங்கள், சும்மா கிடக்கவேண்டாம்.

ஒரு ஞாயிறு மதி என்று எழுதியிருக்கிறீர்கள். உங்கள் ஞாயிறு எனக்குத் தெரியும். ஆராதனை முடிந்து வந்ததும் பானெட் திறக்கும். அந்தச் சத்தம் கேட்டதும் மேலவீட்டு ராஜதாஸ் வருவார். அவர் பின்னால் இன்னும் ரெண்டு பேர். குப்பி திறக்கும். ஒரு ஸ்பார்க் பிளக்கைக் கழற்றி மாட்டுகிற வேலை இருட்டும்வரை நீளும். வண்டி சரியாகிவிடும், அதை நான் மறுக்கவில்லை. வண்டிக்காரர்தான் டயர் பக்கத்தில் விழுந்து கிடப்பார். பள்ளிக்கூடத்தில் பஸ் சாவியை வாங்கிக்கொண்டு உங்களை அனுப்பியதும் ஒரு திங்கட்கிழமை காலையில்தானே?

கையெழுத்துப் போடமாட்டேன். கோபம் வந்தால் வரட்டும்.

நீங்கள் எழுதித் தாருங்கள். நான் செய்கிறேன். கல்யாணம் கழிந்த நாள்முதல் சாயாக் கிளாஸோடு அந்தப் பானெட் பக்கத்தில் நின்றவள் நான். பாதி எனக்குத் தெரியும். மீதியை எழுதுங்கள்.

அம்மை உங்களை விசாரித்தார்கள்.

லேகா

*

பீர்மேடு,
8 ஜூலை 2025

அன்புள்ள லேகாவுக்கு,

சுகம். நீங்களும் சுகமென்று நம்புகிறேன்.

உன் கடிதம் வாசித்துச் சிரித்தேன். பிறகு கோபம் வந்தது. பிறகு தோட்டத்துக்குப் போய்க் கிழங்கு கிளறினேன். சரி, செய். நீயே செய்து பார்.

மார்த்தாண்டத்தில் நான் வாங்கும் கடையில் தெர்மோஸ்டாட்டும் அதன் வாஷரும் கூலண்ட் டப்பாவும் வாங்கு. என் பெயரைச் சொல், பழைய சாமானைத் தலையில் கட்டமாட்டான். காலையில் எஞ்சின் ஆறிக் கிடக்கும்போது தொடங்கு. சூடாக இருக்கும்போது ரேடியேட்டர் மூடியைத் தொடாதே. முகம் வெந்துபோகும். இதை மட்டும் மறக்காதே. கீழே உள்ள திருகைத் திறந்து பழைய தண்ணீரை ஒரு சருவத்தில் பிடி. மேல் ஹோஸின் கிளிப்பை இளக்கி ஹோஸை ஊரு. அதன் அடியில் மூடி மாதிரி ஒன்று, ரெண்டு போல்ட்டு. கழற்றினால் தெர்மோஸ்டாட் தெரியும். பழையதை எடு, இருந்த இடத்தைச் சுரண்டிச் சுத்தமாக்கு, புதியதை வை. எல்லாம் திரும்ப மாட்டு. போல்ட்டைப் பிராந்து பிடித்தவள் மாதிரி முறுக்காதே, உள்ளே இருப்பது அலுமினியம். கூலண்டைக் கழுத்துவரை ஊற்றி மூடியைப் போடு. வண்டியை எடு. அவ்வளவுதான்.

முடியவில்லை என்றால் வெட்கப்படவேண்டாம். ஒரு கையெழுத்துதான்.

ஷிபு

*

இஞ்சிவிளை,
14 ஜூலை 2025

அன்புள்ள அத்தானுக்கு,

சுகம், சுகம், பரம சுகம். செய்துவிட்டேன்.

நேற்று ஆராதனைக்கு அம்மையை மட்டும் ஆட்டோவில் அனுப்பிவிட்டு, உங்கள் பழைய கைலியை நைட்டிக்கு மேலே சுற்றிக்கொண்டு இறங்கினேன். அந்த ஹோஸ் இருக்கிறதே, அது ஊரிக் கழன்று வருவதற்குள் எனக்கு உயிர் போய்விட்டது. உங்கள் கடிதத்தில் "ஊரு" என்று ஒரே சொல்லில் முடித்துவிட்டீர்கள். சுடுதண்ணீரில் துணியை நனைத்துச் சுற்றிப் பிடித்தேன், இளகி வந்தது. இது நீங்கள் சொல்லாதது, நானே கண்டுபிடித்தது.

பானெட் திறந்த சத்தம் கேட்டு ராஜதாஸ் வந்துவிட்டார். மடியில் குப்பி அளவுக்கு ஒரு வீக்கம். "லேகா, ஷிபு வந்தாச்சா? பானெட்டுக்க சத்தம் கேட்டுதே" என்றார். வரவில்லை, நான்தான் என்று சொல்லி, ஸ்பானரை நீட்டி, இந்தப் போல்ட்டைக் கொஞ்சம் பிடியுங்கள் என்றேன். ஸ்பானரை வாங்கிப் பம்பர்மேல் வைத்தார். பிறகு ரப்பர் ஷீட் காயப்போடணும் என்று சொல்லிப் போய்விட்டார். அந்த மழையில் எங்கே ஷீட் காயும்? பாவம், உங்கள் சங்கம் பிரிந்துபோயிற்று.

பாறசாலை ஜங்ஷன்வரை ஓட்டிப் பார்த்தேன். ஊசி பாதியில் நின்றது. நகத்துக்குள் எல்லாம் கறுப்பு. சோறு கட்டினால் யார் வாங்குவார்கள் என்று ஜிஜி கேட்கிறாள். எனக்குக் கழுவவே மனசில்லை.

உங்கள் லேகா

*

பீர்மேடு,
19 ஜூலை 2025

லேகாவுக்கு,

சுகம். கடிதம் கிடைத்தது. நல்லது.

ராஜதாஸ் வேறு என்ன சொன்னான்? நிஜமாகவே யாரும் உதவவில்லையா? பாறசாலைவரை ஓடினது பெரிய காரியம் இல்லை. நெய்யாற்றின்கரை போய்வந்தால்தான் தெரியும். பழைய வண்டி, ரெண்டு நாளில் ஊசி மறுபடி ஏறினாலும் ஏறும். ஏறினால் பயப்படாதே. அது கை பழகியவர்கள் பார்க்கவேண்டிய வேலை. அப்போது வந்து அந்தக் கையெழுத்தைப் போடு, வேறொன்றும் யோசிக்காதே.

இங்கே சுவரைப் பார்த்துக்கொண்டு இருக்கிறேன். என் கைகளை என்ன செய்வது என்று தெரியவில்லை.

ஷிபு

*

இஞ்சிவிளை,
27 ஜூலை 2025

அன்புள்ள அத்தானுக்கு,

அம்மை சுகம். நானும் சுகம். முகம் வேகவில்லை.

போன கடிதத்தைத் தபாலில் போட்ட மறுநாளே அமரவிளைப் பாலம் ஏறும்போது வண்டி கொதித்துவிட்டது. முன்னால் ஒன்றும் தெரியாத அளவுக்குப் புகை. மழையில் நனைந்துகொண்டு ஓரத்தில் நின்றேன். சோறெல்லாம் பின்சீட்டில் ஆறிப்போயிற்று. அன்று கோர்ட்டில் ஒருவருக்கும் சோறு போகவில்லை. ஆட்டோ பிடித்துக் கொண்டுபோனபோது வக்கீல்மார் கேண்டீனில் சாப்பிட்டுவிட்டு வந்து, "இனி நாளைக்கும் இப்படித்தானோ சேச்சி?" என்று கேட்டார்கள். வண்டியைக் கயிறு கட்டி இழுத்துத்தான் வீட்டுக்குக் கொண்டுவந்தார்கள். என் கையால் செய்தது தோற்றுப்போயிற்றே என்று ரெண்டு நாள் வண்டிப் பக்கம் போகவில்லை.

அதன்பிறகுதான் உங்கள் கடிதம் வந்தது. ஊசி ஏறினாலும் ஏறும் என்று எழுதியிருந்தது. இவருக்கு எப்படித் தெரியும் என்று யோசித்தேன்.

போனில் வீடியோ தேடினேன். மலையாளத்தில் ஒருத்தர், தமிழில் ஒருத்தர். கூலண்ட் ஊற்றினால் உடனே மூடியைப் போடக்கூடாது என்று ரெண்டு பேரும் சொல்கிறார்கள். மூடியைத் திறந்துவைத்தே எஞ்சினை ஓடவிட்டு, ஹீட்டரைப் போட்டு, ஹோஸை அமுக்கி அமுக்கி உள்ளே இருக்கும் காற்றை வெளியே விடவேண்டுமாம். குமிழி நின்றபிறகுதான் மூடி. அதைப் பார்த்ததும் எனக்கு எல்லாம் ஞாபகம் வந்தது. பழைய துணியால் ஹோஸைப் பிடித்துப் பால் கறக்கிற மாதிரி அமுக்கிக்கொண்டு நிற்பீர்கள். சாயா ஆறுகிறது என்று நான் சத்தம் போடுவேன். "காற்று போவணும்டி, பொறு" என்பீர்கள். எத்தனை தடவை சொல்லியிருக்கிறீர்கள்.

மறந்துவிட்டேன் என்று எழுதவேண்டாம். ஸ்பானரின் நம்பர் மறக்காத ஆள் இதை மறக்கமாட்டார். என் முகம் வேகக்கூடாது என்று நினைத்த மனுஷன், வண்டி வெந்தால் வேகட்டும் என்று விட்டுவிட்டார். வண்டி நின்றால் நான் ஓடிவந்து கையெழுத்துப் போடுவேன் என்று நினைத்தீர்கள். மழையில் நின்றபோதுகூட நான் உங்களை நினைத்துத்தான் அழுதேன், அத்தான். அதுதான் எனக்குத் தாங்கவில்லை.

காற்றை விட்டுவிட்டேன். இப்போது சோறு நேரத்துக்குப் போகிறது.

லேகா

*

இஞ்சிவிளை,
12 ஆகஸ்ட் 2025

அன்புள்ள அத்தானுக்கு,

சுகமா? பதில் இல்லை. தினமும் போஸ்ட்மேன் சைக்கிள் மணி கேட்டு வாசலுக்கு வருகிறேன். அவர் கரண்ட் பில்லைத் தந்துவிட்டுப் போகிறார். உடம்புக்கு ஒன்றும் இல்லையே? அங்கே போன் செய்து கேட்டேன், சாப்பிடுகிறார், பேசுவதில்லை என்றார்கள்.

இந்த மாதம் முப்பதாம் தேதி வீட்டார் வந்து பார்க்கலாமாம். நான் வண்டியில் வருகிறேன். கோபம் என்றால் கோபத்தோடேயே வெளியே வந்து நில்லுங்கள். பார்த்துவிட்டுப் போகிறேன். கையெழுத்துக்காக வரவில்லை.

லேகா

*

பீர்மேடு,
20 ஆகஸ்ட் 2025

அன்புள்ள லேகாவுக்கு,

சுகம். அம்மையின் காலுக்குத் தைலம் தீர்ந்திருக்கும், வாங்கிக் கொடு.

வண்டிப்பெரியாறு எஸ்டேட்டில் இருந்து புதிதாக ஒருத்தர் சேர்ந்திருக்கிறார். தமிழ் நன்றாக வாசிப்பார். ஜூலைக் கடைசியில் நீ எழுதிய கடிதத்தை அவரை வைத்துத்தான் கவுன்சிலர் வாசிக்கச் சொன்னார். நான் பக்கத்திலேயே இருந்தேன். வாசித்து முடித்ததும் கவுன்சிலர் என்னைத் திட்டவில்லை. அவருக்கும் ஒரு பழைய கார் உண்டு. அந்தக் காற்றை ஏன் விடணும் என்று மட்டும் கேட்டார். அதை உனக்குத்தான் முதலில் எழுதவேண்டும் என்று பேனா எடுத்தேன்.

நீ மலை ஏறி வருகிறாய் என்றால் இதெல்லாம் செய். நாலு டயரிலும் காற்று பார். ஸ்டெப்னியிலும் பார், எல்லாரும் அதை மறப்பார்கள். முந்தின நாள் காலையில் எஞ்சின் ஆறினபிறகு கூலண்ட் அளவு பார். குறைந்திருந்தால் ஊற்று. ஊற்றினால் மூடியைத் திறந்துவைத்தே ஓடவிடு. ஹீட்டரைப் போடு. ஹோஸை அமுக்கு. குமிழி நின்றபிறகும் கொஞ்சநேரம் பொறு. இறங்கிய அளவுக்கு மறுபடி ஊற்று. அப்புறம்தான் மூடி. மூடியை அழுத்தித் திருப்பிக் கடைசிவரை போனதா என்று ஒருமுறை கையால் பார். பிரேக் எண்ணெய் பார். ஃபேன் பெல்ட்டைக் கட்டைவிரலால் அமுக்கிப் பார், ரொம்பத் தொய்யக்கூடாது. வைப்பர் ரப்பர் மாற்று, இங்கே மழை. பானெட்டைத் தாங்கும் கம்பியை மடக்கிவிட்டுத்தான் மூடு. முண்டக்கயம் தாண்டினால் ஏற்றம். ஊசியைப் பார்த்துக்கொண்டே வா. பாதிக்கு மேலே ஏறினால் நிறுத்து, வெட்கப்படாதே. இறங்கும்போது பிரேக்கை மட்டும் நம்பாதே, செகண்ட் கியரில் போட்டு இறங்கு. கண்ணாடியைத் துடை. தண்ணீர்க் குப்பி எடுத்துக்கொள். சாப்பிட்டுவிட்டு வா.

ஒன்றையும் விடவில்லை. மூன்று முறை வாசித்துப் பார்த்துவிட்டேன்.

ஷிபு

*

பீர்மேடு,
7 செப்டம்பர் 2025

அன்புள்ள லேகாவுக்கு,

சுகம். ஓணம் நல்லபடியாகக் கழிந்திருக்கும். இங்கே இலை போட்டுச் சோறு தந்தார்கள், உப்பேரி கொள்ளாம், நன்றாக இருந்தது.

நீ வந்து இறங்கினதும் உன் முகத்தைப் பார்க்காமல் பானெட்டைத்தான் திறந்தேன். உனக்குச் சங்கடமாக இருந்திருக்கும். உன் முகத்தைப் பார்க்க எனக்குத் தைரியம் இல்லை. பெல்ட் பார்த்தேன், கூலண்ட் பார்த்தேன், பிரேக் எண்ணெய் பார்த்தேன். இங்கே உள்ளவர்கள் எல்லாரும் சுற்றி வந்து நின்றார்கள், கட்டன்சாயாக் கிளாஸோடு. திறந்த பானெட்டைச் சுற்றி ஆட்கள் நின்றும் குப்பி இல்லாத நாள் எனக்கு அதுதான் முதல். ஏதாவது ஒன்று இளகியிருக்காதா என்று தேடினேன். ஹோஸ் கிளிப்பின் திருகு மேலே பார்க்க மாட்டியிருந்தாய். நான் கீழே பார்க்க மாட்டுவேன், அப்படி மாட்டினால் திருகு கைக்கு எட்டாது. உன்னுடையதுதான் சரி. கையைத் துடைக்கத் துணி கேட்டேன், நீ தந்தாய். கையில் அழுக்கே இல்லை. நீ கண்டாய்.

செப்டம்பர் ரெண்டாம் தேதி எனக்கு நாலு மாதம் முடிந்தது. இனி உன் கையெழுத்து வேண்டாம், என்னுடையதே போதும் என்று கவுன்சிலர் புத்தகத்தைத் திறந்துவைத்துப் பேனாவும் தந்தார். போட்டிருந்தால் ஓணத்துக்கு வீட்டில் இருந்திருப்பேன். ஆனால் என்ன சொல்லி வருவேன்? வண்டி ஓடுகிறது. சோறு போகிறது. ஒன்றும் கெட்டுப்போகவில்லை. அந்த முற்றத்தில் ஒரு வேலையும் இல்லாமல் ஒரு ஞாயிறு உட்கார்ந்தால் நான் என்ன செய்வேன் என்று எனக்குத் தெரியும். பேனாவைத் திருப்பிக் கொடுத்துவிட்டேன். ஆறு மாதமும் முடித்து நவம்பர்வரை இருக்கிறேன்.

அதற்குப் பிறகு என்ன என்று தெரியவில்லை. அந்த வீட்டில் எனக்கு இனி என்ன இருக்கிறது? பயமாக இருக்கிறது லேகா. உனக்கு நான் செய்தது தப்பு.

ஷிபு

*

இஞ்சிவிளை,
15 செப்டம்பர் 2025

என் அன்புள்ள அத்தானுக்கு,

நாங்கள் சுகம். தைலம் வாங்கிக் கொடுத்தேன். நீங்கள் ஞாபகம் வைத்து எழுதினீர்கள் என்றதும் அம்மைக்குப் பாதி வலி போய்விட்டது.

உங்கள் கடிதத்தை வண்டிக்குள் உட்கார்ந்து வாசித்தேன். கண்ணாடியை ஏற்றிவிட்டு நன்றாக அழுதேன். வீட்டில் அழுதால் அம்மை பயந்துபோவார்கள். மழையில் நின்ற கோபம் எனக்கு முழுதும் போகவில்லை. பொய் சொல்லமாட்டேன். போகும், கொஞ்ச நாள் ஆகும்.

நேற்று ஞாயிறு, நான் ஏர் ஃபில்டரைத் தட்டிக்கொண்டிருந்தேன். ராஜதாஸ் வேலிக்கு அப்பால் நின்றார். இப்போதெல்லாம் இந்தப் பக்கம் வருவதில்லை, அங்கிருந்தே பேசுகிறார். "ஷிபு எப்ப வாறான்? வந்தாலும் இனி அவனுக்கு இங்க என்ன சோலி? எல்லாம் நீயே செய்யுதியே" என்றார். உங்கள் கடிதத்தில் இருந்த அதே கேள்வி. கடிதத்துக்கு எப்படிப் பதில் எழுதுவது என்று நாலைந்து நாளாகத் தெரியாமல் இருந்தேன். அவரிடம் சட்டென்று வந்துவிட்டது.

"அவருக்கு ஒரு சோலியும் இல்ல அண்ணே. சும்மாத்தான் வாறாரு. எனக்க மாப்பிள வீட்டுக்கு வாறதுக்கு வண்டி கெட்டுப்போவணுமா?"

அதையே உங்களுக்கும் எழுதுகிறேன்.

நவம்பர் ரெண்டாம் தேதி நான் வருகிறேன். அது ஞாயிற்றுக்கிழமை. ஓட்டுவது நான். நீங்கள் பானெட்டைத் திறக்கவேண்டாம். பக்கத்துக் கதவைத் திறந்து ஏறி உட்கார்ந்தால் மதி.

உங்கள் லேகா